வாடகைக்கு யாரும் தருவதில்லை

பாரிமுனைக்குப் பக்கத்தில் ஆண்டர்சன் தெருவும் அதை ஒட்டிய சந்துகளும் காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பேர்போனவை. அங்கே ஓர் அச்சகத்தில் என் வீட்டுக்காரர் ஸ்க்ரீன் பிரிண்டிங் போடுகிறார். வாரக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். 2020 சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு மாசியிலேயே ஆர்டர் குவிந்திருந்தது. மார்ச் நடுவில், ஏற்கெனவே முடிவானதைத் தவிரக் கல்யாண மண்டபங்களில் புதிதாக எதுவும் நடத்தக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அடுத்த வாரம், 24ஆம் தேதி இரவு, நாடு முழுக்க ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். தேதியும் மண்டபமும் அச்சாகிவிட்ட பத்திரிகையை யார் வந்து எடுப்பார்கள்? பெட்டி பெட்டியாக அப்படியே கிடந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் பாக்கி கொடுக்க வரவில்லை. முதலாளியால் காகிதக் கடைக்குக் கட்ட முடியவில்லை. மார்ச் கடைசி வாரத்துக்குப் பாதிக் கூலி கொடுத்தார். அதன்பிறகு நாங்கள் போன் செய்தபோதெல்லாம் எடுத்துப் பேசினார். எடுக்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்த காலம் அது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பேன். கல்யாணம் இல்லையென்றால் ஜாக்கெட்டும் இல்லை. எங்கள் வீட்டின் இரண்டு வருமானமும் ஒரே முகூர்த்த சீசனை நம்பி இருந்தது என்பது, இரண்டும் ஒரே வாரத்தில் நின்றபோதுதான் உறைத்தது.

அப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருந்தோம், இப்போதும் அங்கேதான். கீழே மூன்று போர்ஷன், மாடியில் ஓனரம்மா. எங்கள் போர்ஷன் ஒரு ரூம், ஒரு சமையலறை. பாத்ரூம் பொது. அப்போது வாடகை 6,500, அட்வான்ஸ் 50,000. கரண்டுக்குத் தனியாகச் சின்ன மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய். வீடுகளுக்கு முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. போர்ஷன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அந்த இலவசம் வந்து சேராது. மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை. ஓனரம்மா வாங்கிக்கொண்டு, நாங்கள் நீட்டும் நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு, தொகை எழுதி, கீழே சுருக்கமாக ஒரு கையெழுத்துப் போடுவார். வாடகை ஒப்பந்தம் என்று காகிதம் எதுவும் கிடையாது. அந்த நோட்டு மட்டும்தான்.

மார்ச் மாத வாடகையை ஏப்ரல் ஐந்தாம் தேதி கையில் இருந்ததை வழித்துக் கொடுத்துவிட்டோம். மே ஐந்தாம் தேதி கொடுக்க எதுவும் இல்லை.

இந்த இடத்தில் அரசு சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு போட்டது. வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, தொழிலாளர்களையோ மாணவர்களையோ காலி செய்யச் சொன்னால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. டிவியில் பார்த்தோம். ஆனால் அந்த உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த வீட்டு வாசலுக்கும் யாரும் வரவில்லை. கேட்கக் கூடாது என்ற ஒரு மாதம் முடிந்ததும் அந்த மாத வாடகையை எதை வைத்துக் கொடுப்பது என்பதற்கு அதில் பதிலும் இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால், 27ஆம் தேதி, ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்றது. மே மாதம் அதை இன்னும் மூன்று மாதம் நீட்டித்தது. வீடு கட்டக் கடன் வாங்கியவருக்கு ஆகஸ்ட் கடைசிவரை மூச்சுவிட நேரம் கிடைத்தது. அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதியாகவே வந்தது. இதில் எனக்கு இன்றுவரை ஆறாத ஆத்திரம் உண்டு. வங்கிக்குக் கொடுக்க வேண்டியதும் கடன், வாடகையும் கடன். ஒன்றைத் தள்ளிவைக்க வழி கண்டுபிடிக்கத் தெரிந்த நாட்டுக்கு இன்னொன்றுக்கு வழி தெரியாமலா போகும்?

ஓனரம்மா கெட்டவர் இல்லை. கணவர் இறந்து, மூன்று போர்ஷன் வாடகையில் சாப்பிடுகிற மனுஷி. மகன் வேறு ஊரில் இருந்தான். மே மாதம் நான் மாடிக்குப் போய், "அம்மா, அட்வான்ஸ்ல ரெண்டு மாசம் கழிச்சுக்குங்கமா, சீசன் வந்ததும் திரும்பக் கட்டிடறோம்" என்று கேட்டேன். "அது எப்படிமா? அட்வான்ஸ்னா அட்வான்ஸ்தான். அதுல கை வெச்சா நாளைக்கு எனக்கு என்னா பிடிப்பு?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பணம் என்கிட்ட இருந்தாத்தானே கழிக்கிறதுக்கு?" என்றார்.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. போர்ஷன் வீடுகளில் அட்வான்ஸ் என்பது பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பணம் இல்லை. வாங்கிய கையோடு அது மகன் படிப்புக்கோ தளம் ஒழுகுவதை அடைக்கவோ போய்விடும். ஒரு குடும்பம் காலி செய்யும்போது அடுத்து வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் போகிறவருக்குக் கொடுப்பார்கள். ஊரடங்கில் புதிதாக யார் குடிவருவார்கள்? எங்களிடம் அவர் வாங்கியிருந்தது 50,000, நாங்கள் ஜூன் ஐந்தாம் தேதிவரை தர வேண்டியது 13,000. கணக்குப் பார்த்தால் அவர்தான் எங்களுக்குத் தர வேண்டியவர். ஆனாலும் பயந்துகொண்டு இருந்தது நாங்கள். காலி செய்தால் அந்தப் பணம் எப்போது வரும் என்று தெரியாது. வேறு வீட்டுக்குப் புது அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்ற வண்டி எல்லாம் வேண்டும். அதிலும் எங்கள் பகுதி ராயபுரம் மண்டலம். சென்னையிலேயே கொரோனா அதிகம் என்று தினமும் டிவியில் பெயர் வந்துகொண்டிருந்தது. எங்கள் தெரு முனையில் மாநகராட்சிக்காரர்கள் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். தகரம் அடித்த தெருவிலிருந்து வருகிறோம் என்றால் யார் வீடு கொடுப்பார்கள்?

ஊருக்குப் போயிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். வந்தவாசிப் பக்கம் என் வீட்டுக்காரருக்கு ஊர் உண்டு, மாமியாரும் மச்சாண்டாரும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் மகள் அப்போது பத்தாவது. மார்ச் 27 தொடங்க வேண்டிய பரீட்சை ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள். பரீட்சை எழுதும் பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டை விட முடியுமா? ஜூன் 9ஆம் தேதி பரீட்சை ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று முதல்வர் அறிவித்தபோது தெருவே நிம்மதிப்பட்டது. எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. இந்த வீட்டில் இருப்பதற்கு நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த ஒரே காரணமும் போய்விட்டதே.

உதவி கேட்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நகை. கம்மல் அதற்கு முந்தின வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோதே சேட்டுக் கடைக்குப் போய்விட்டது. தாலிக் கயிற்றில் இரண்டு குண்டும் ஒரு காசும் இருந்தன. கடை திறந்ததும் அவற்றை வைத்து வாங்கிய பணம் மளிகைக்கும் மகளிர் குழு லோன் தவணைக்கும் போனது. தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தாலும், குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் என்று சொல்லிச் சொல்லியே வாங்கிக்கொண்டார்கள். ஆகஸ்டில் தங்கம் சவரன் 43,000 ரூபாயைத் தாண்டியது. நகை மதிப்பில் 90 சதவீதம்வரை கடன் கொடுக்கலாம் என்று வங்கிகளுக்கு அனுமதியும் வந்தது. நகை வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய உதவி. எங்கள் தாலியில் அப்போது மஞ்சள் மட்டும்தான் இருந்தது.

அடுத்து சீட்டு. எடுத்தவர்கள் கட்டவில்லை, எடுக்காதவர்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. சீட்டு பிடித்த அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார். அதற்கடுத்து தண்டல். எங்கள் பக்கம் பத்தாயிரம் தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அந்த வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் யாரும் வாங்க மாட்டார்கள். கணக்குப் பார்க்க முடியாத நிலையில்தான் வாங்குகிறோம். ஆனால் அந்தத் தடவை தண்டல்காரரே கொடுக்கவில்லை. "வேலைக்குப் போறவங்களுக்குத்தான் தண்டல். இப்ப யாரும்மா வேலைக்குப் போறீங்க?" என்றார். கொள்ளை வட்டிக்குக்கூட வருமானம் இருக்கிறவர்களுக்குத்தான் கடன் கிடைக்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகு சொந்தம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தம்பி, அவனுக்கே வேலை இல்லாத நேரத்தில், கூகுள் பேயில் 2,000 அனுப்பினான். பெரம்பூரில் சித்தப்பா இருக்கிறார், ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பென்ஷன் வருகிறது. மூன்று நாள் யோசித்துவிட்டு போன் செய்து, "சித்தப்பா, ரெண்டு மாச வாடகை நிக்குது" என்றேன். "பயப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் வந்தார். முன்னால் கால் வைக்கும் இடத்தில் 25 கிலோ பொன்னி அரிசிச் சிப்பம். என் வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து அதை இறக்கினார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கமே நின்று, மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல், "பிள்ளைங்க பசியோட இருக்கக் கூடாதும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. நானும் அழுதேன். ஆனால் சமையலறையில் அதோடு நான்காவது மூட்டை அரிசி.

பள்ளிவாசலில் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். சர்ச்சில் கொடுத்தார்கள். கட்சிக்காரர்கள் கொடுத்தார்கள். பெயர் தெரியாத பையன்கள் பைக்கில் வந்து காய்கறிப் பை கொடுத்தார்கள். சென்னையில் அம்மா உணவகத்தில் இலவசமாகவே சாப்பாடு போட்டார்கள். அந்தக் காலத்தில் வடசென்னையில் பட்டினியால் யாரும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள்தான், அவர்களை நான் மறக்க மாட்டேன். ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூட வாடகை கட்டிவிட்டீர்களா என்று கேட்கவில்லை. நாமாகச் சொன்னால் முகம் மாறும். அரிசி கேட்டால் இரக்கம் வருகிறது. வாடகை கேட்டால் சந்தேகம் வருகிறது. அரிசி ஏழையின் வயிற்றுக்குப் போகிறது என்று கொடுக்கிறவருக்குத் தெரியும். வாடகை ஓனர் கைக்கல்லவா போகிறது? சொந்த வீடு வைத்திருப்பவருக்கு நான் ஏன் தர்மம் பண்ண வேண்டும் என்று ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அரிசியைப் பொங்குவதற்கு ஓர் அடுப்பும் அடுப்பை வைக்க ஒரு கூரையும் வேண்டும் என்பதும் நியாயம்தான். சித்தப்பா கொடுத்த அந்தச் சிப்பத்தை ஓனரம்மாவிடம் கொடுத்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா என்று ஒரு ராத்திரி என் வீட்டுக்காரர் கேட்டார். மனுஷன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் எங்களுக்கு இங்கே கிடைக்கவில்லை. ஏப்ரலில் அரிசிக் கார்டுக்கு 1,000 கொடுத்தார்கள், ஜூன் ஊரடங்கில் சென்னையிலும் சுற்றுப்பகுதியிலும் இன்னொரு 1,000 கொடுத்தார்கள். எங்கள் கார்டு வந்தவாசிப் பக்கத்து முகவரியில். இங்கே மாற்ற முகவரிச் சான்று வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் போட்டால் வரி, கரண்டு என்று தொந்தரவு வரும் என்று எந்த போர்ஷன் ஓனரும் போட மாட்டார். பதினைந்து வருஷம் சென்னையில் குடியிருந்தும் காகிதத்தில் நாங்கள் சென்னையில் இல்லை. எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற திட்டம் தமிழ்நாட்டில் அந்த அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஜூன் 19ஆம் தேதியிலிருந்து சென்னையில் முழு ஊரடங்கு மறுபடி வருகிறது என்றதும் ஜனம் ஊரை விட்டுக் கிளம்பியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் வரிசையாக நிற்பதை டிவியில் காட்டினார்கள். எங்கள் பக்கத்து போர்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர் குடும்பம். அவர்களும் குட்டி யானை ஒன்று பேசி, விடியற்காலையில் ஏற்றினார்கள். ஓனரம்மா கீழே இறங்கி வந்து, பாக்கி வாடகைக்கு மிக்சியையும் டேபிள் ஃபேனையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அந்த அக்கா மிக்சியின் சின்ன ஜாரில் ஒட்டியிருந்த சட்னியைக் கழுவித் துடைத்து, மூடியைப் போட்டுத் திண்ணையில் வைத்தார். தரப்போகிற பொருளைக்கூடக் கழுவித்தான் தர வேண்டும் என்று நினைத்த மனசு அது.

அவர்கள் போன மறுநாள் ஓனரம்மா என்னைக் கூப்பிட்டார். "ஆடி பொறந்தா யாரும் குடி வர மாட்டாங்க. அதுக்குள்ள நீயும் ஒரு முடிவைச் சொல்லிடுமா" என்றார். முடிவு என்றால் காலி. அந்த வாரத்திலிருந்து மோட்டார் போடுவது குறைந்தது. காலையில் ஒருமுறை, அதுவும் கொஞ்ச நேரம். போர்ஷன் வீட்டில் மோட்டார் சுவிட்ச் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் வீட்டின் உயிர்.

என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். அவரிடம் பணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, சட்டம் கேட்டேன். அவர் போனில் பொறுமையாகச் சொன்னார். 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இரண்டு மாதம் வாடகை நின்றால் ஓனர் நோட்டீஸ் கொடுக்கலாம், அதன்பிறகும் கட்டாவிட்டால் மனு போடலாம். உத்தரவு இல்லாமல் சாமானைத் தூக்கி வெளியே வைக்க முடியாது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தவே கூடாது. பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைப்பார்கள், வருமானச் சான்றுகூட வேண்டாம். கடைசியில், "அக்ரிமெண்ட் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "ரசீது?" நோட்டைப் பற்றிச் சொன்னேன். "அதை பத்திரமா வைங்க. யார்கிட்டயும் கையில கொடுத்துடாதீங்க. போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்க" என்றார். வீட்டில் குடும்பக் கார்டையும் பிறப்புச் சான்றிதழையும் வைக்கும் டிரங்குப் பெட்டியில் அன்றைக்கு அந்த நோட்டும் போனது.

சட்டம் தெரிந்தபிறகு பயம் கொஞ்சம் விலகியது. ஆனால் ஓனரம்மாமேல் வழக்குப் போட்டு அதே வீட்டில் அதே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது. எங்களுக்கு வேண்டியது 13,000 ரூபாய்.

மகளின் வகுப்பு டீச்சர்தான் வழி காட்டினார். மாணவர்களுக்குக் கட்டணம் கட்ட உதவும் ஓர் அறக்கட்டளை இந்த வருஷம் வாடகைக்கும் கொஞ்சம் பேருக்கு உதவுகிறது, போய்ப் பாருங்கள் என்றார். ஜூலை 6ஆம் தேதி ஊரடங்கு தளர்ந்ததும் இவரோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போனேன். சின்ன ஆபீஸ். ஜன்னல் ஓரம் மேஜை போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வாசலில் கட்டம் கட்டமாகச் சுண்ணாம்புக் கோடு. என்னைப்போல் நிறையப் பேர் நின்றார்கள்.

அவர் கேள்விகளை வரிசையாகக் கேட்டார். வீட்டில் எத்தனை பேர்? டிவி இருக்கிறதா? செல்போன் என்ன விலை? வாடகை குறைவான வீட்டுக்கு ஏன் போகவில்லை? ஊரில் நிலம் இருக்கிறதா? கணவர் குடிப்பாரா? இவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்று நானே பதில் சொல்லும்வரை இருந்தார். பதினெட்டு வருஷமாக ராத்திரி பகலாக மசி வாசனையில் நின்று வேலை பார்க்கிறவர் அவர். விரல் இடுக்கில் தங்க மசி போகாமல் இருக்கும். அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உதவி கேட்டுப் போகிற எல்லோருமே இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், பணம் கொடுக்கிறவருக்குக் கேட்க உரிமை உண்டு என்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. வருமானம் நின்றுவிட்டதா, வாடகை எவ்வளவு, பாக்கி எத்தனை மாதம், இந்த மூன்றும் போதும். டிவி இருந்தால் வாடகை குறைந்துவிடுமா?

பிறகு ஒப்பந்தம் கேட்டார். இல்லை என்றதும், ஓனரிடம் வாடகை இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று கடிதம் வாங்கி வரச் சொன்னார். பணத்தை நேராக ஓனர் கணக்கில்தான் போடுவோம் என்றார். ஓனரம்மா கடிதம் தர மறுத்துவிட்டார். அவர் பயம் அவருக்கு. தனக்கு வர வேண்டிய பணத்துக்குத் தானே கையெழுத்துப் போட மறுக்கும் நிலை அது.

மறுபடி போனபோது கடிதம் இல்லாமல் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வக்கீலம்மா சொன்னது ஞாபகம் இருந்ததால் நானே பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். 2013இல் 3,500. அடுத்து 4,000. 2016இல் 5,000. 2018இலிருந்து 6,500. வெள்ளம் வந்த 2015 டிசம்பரிலும் ஐந்தாம் தேதிக்குக் கையெழுத்து இருந்தது. அந்த மாதம் எதை விற்றுக் கொடுத்தோம் என்று எனக்குத் தெரியும், அதை அவரிடம் சொல்லவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை பார்த்தார். மார்ச் மாதத்தோடு எழுத்து நின்று, கீழே வெறும் கோடு. "ஒரு மாசம்கூட விட்டதில்லையேம்மா" என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே ஓனரம்மாவோடு போனில் பேசினார், பெயரைத் தவிர வேறு எதுவும் எங்கள் பதிவேட்டில் போடமாட்டோம் என்று உறுதி சொன்னார், கணக்கு எண் வாங்கினார். வாரக் கடைசியில் 13,000 போய்ச் சேர்ந்தது.

ஆடி பிறந்தது. நாங்கள் இருந்தோம். மோட்டார் பழையபடி ஓடியது.

மீதிப் பாக்கி உதவியால் தீரவில்லை, கூலியால் தீர்ந்தது. ஐம்பது பேரை வைத்துக் கல்யாணம் நடத்தலாம் என்ற நிலையில், தள்ளிப்போன கல்யாணங்களுக்குச் சின்னச் சின்ன ஆர்டர்கள் வந்தன. அம்பத்தூரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா புதுத் தேதிக்கு நூறு பத்திரிகை அடிக்க வந்தார். சித்திரைக்கு அவர் அடிக்கச் சொன்ன ஐந்நூறு பத்திரிகை மூலையில் கிடந்தது. அதற்கான பாக்கியையும் எடுத்து மேஜையில் வைத்தார். இனி அதை வைத்து என்ன செய்வது, பாக்கி வேண்டாம் என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். "அடிச்சவங்க கூலிக்கு அடிச்சாங்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி என் வீட்டுக்காரருக்கு நிலுவையில் ஒரு பங்கைக் கொடுத்தார். நான் மாஸ்க் தைத்துச் சேர்த்ததும் இருந்தது. தீபாவளிக்கு முன்னால் கணக்குத் தீர்ந்தது.

2021 பொங்கலுக்குப் பிறகு எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியிருக்கும் பெண்கள் சிலர் மாதம் 200 ரூபாய் போட்டுச் சேர்க்க ஆரம்பித்தோம். ஏலம் கிடையாது, வட்டி கிடையாது. யாருக்காவது வாடகை நின்றால் மட்டும் எடுக்க வேண்டும். மருந்து, கல்யாணம், பள்ளிக்கூடம் எதற்கும் தொடக் கூடாது. மற்றவற்றுக்கெல்லாம் எப்படியாவது கடன் கிடைத்துவிடும், வாடகைக்குத்தான் கிடைக்காது என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

மே மாதம் இரண்டாவது அலையில் மறுபடி முழு ஊரடங்கு. அந்தத் தடவை கார்டுக்கு 2,000 வீதம் இரண்டு தவணையாக அரசு கொடுத்தது, சிலருக்கு வாடகையில் பாதிக்கு அது ஆனது. எங்கள் கூட்டில் இல்லாத ஒருத்தி வந்து கேட்டாள். பூக்கட்டி விற்கிறவள், கணவன் குடிப்பான். கொடுத்தால் அவன் பிடுங்கிக் குடித்துவிடுவான், ஓனர் கையில் நாமே கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். கூட்டில் பணம் போடாதவளுக்கு எதற்கு என்று இன்னொருத்தி கேட்டாள். அவர்கள் கவலையும் பொய்யில்லை. ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம், குரல்கூட உயர்ந்தது. வாடகை எவ்வளவு, பாக்கி எத்தனை மாதம் என்று மட்டும் அவளிடம் கேட்டேன். 4,500, ஒரு மாதம் என்றாள். பணத்தை அவள் கையிலேயே கொடுத்தோம். அவளே மாடியேறிப் போய் ஓனரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த மாதத்திலிருந்து அவளும் 200 போடுகிறாள்.